இரச ஆவியில் இலத்திரன்கள்: 1914 ஆம் ஆண்டின் ஒரு பரிசோதனை

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆயவை என்பதை இன்று பாடசாலை மாணவர் யாவரும் அறிவர். ஆனால், அவ்வணு சக்தியை எவ்வாறு ஏற்கின்றது என்பதை மனிதன் கண்டறிந்து நூறாண்டுகளுக்குச் சற்று மேலேதான் ஆகின்றது. அதனைக் காட்டிய பரிசோதனைகளுள் தலையாயதொன்று 1914 ஆம் ஆண்டு ஜேர்மனியின் பேர்லின் சர்வகலாசாலையிலே நிகழ்ந்தது. அதனைச் செய்தவர்கள் ஜேம்ஸ் பிராங்க், குஸ்தாவ் ஹேர்ட்ஸ் என்னும் இருவர். பிராங்குக்கு அப்போது வயது 31, ஹேர்ட்ஸுக்கு 26.

அவர்கள் கையாண்ட கருவி எளியது. காற்று அகற்றிய கண்ணாடிக் கலமொன்றிலே ஒரு துளி இரசம். கலத்தைச் சூடாக்க, இரசம் ஆவியாகி அதனுள்ளே பரவும். நடுவிலே பிளாற்றினக் கம்பியொன்று மின்னாற் செந்தணலாகி இலத்திரன்களை வெளிவிடும். அதனைச் சூழ ஒரு கம்பிவலை. வலைக்கு அப்பால் ஓர் உலோகத் தகடு. கம்பிக்கும் வலைக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்தால் இலத்திரன்கள் வலையை நோக்கி விரையும். வலைக்கும் தகட்டுக்கும் இடையிலோ சிறியதோர் எதிரழுத்தம் உண்டு. வேகம் மிஞ்சியுள்ள இலத்திரன்களே அதனை வென்று தகட்டை அடையும். ஆகவே, தகட்டுக்கு வரும் மின்னோட்டத்தை அளந்தால், இலத்திரன்கள் வழியிலே சக்தியை இழந்தனவா என்பது தெரியவரும்.

இரச அணு, இலத்திரனிலும் மூன்றரை இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட திணிவுடையது. கருங்கற் சுவரில் எறிந்த பந்து துள்ளித் திரும்புவதுபோல, மெதுவாய் வரும் இலத்திரன் அணுவில் மோதித் திசைமாறுகின்றதேயன்றித் தன் சக்தியைப் பெரிதும் இழப்பதில்லை. அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட, மின்னோட்டமும் கூடிற்று. 4.9 உவோற்றை எட்டியதும் அது சடுதியாகக் குறைந்தது. மேலும் கூட்ட, மீண்டும் ஏறி 9.8 உவோற்றளவிலே குறைந்தது, அதன்பின் 14.7 அளவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அந்த 4.9 அளவுக்குக் குறைந்த சக்தியை அணு ஏற்கவில்லை; அவ்வளவு வந்ததும் அதனை ஒருங்கே பெற்றுக்கொண்டது. அரைப்பங்கு, காற்பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை! பெற்ற சக்தியை அணு 254 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஊதாக்கடந்த ஒளியாகத் திருப்பி வெளிவிடுவதையும் அவ்விருவரும் அதே ஆண்டிற் காட்டினர்.

அளவு சரியாயிருந்தது, விளக்கமோ பிழைத்தது. 4.9 உவோற்றில் இரச அணுவிலிருந்து ஓர் இலத்திரன் பெயர்ந்து விழுகின்றது என்றே அவர்கள் கருதினர். அணுவின் சக்தி படிக்கட்டுப்போலக் குறித்த நிலைகளிலே மாத்திரம் நிற்கும் என்று டென்மார்க்கு விஞ்ஞானி நீல்ஸ் போர் 1913 இல் வெளியிட்ட கொள்கையை அவர்கள் தம் கட்டுரைகளிலே எடுத்தாளவில்லை. அவர்கள் கண்டது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அணு ஏறுவதையே என்று நீல்ஸ் போர் 1915 இல் எடுத்துரைத்தார். இலத்திரனைப் பெயர்க்க வேண்டியது 10.4 உவோற்று என்பது பின்னர் உறுதியாயிற்று.

அக்காலம் முதலாம் உலக மகாயுத்தம் நடந்த காலம். இருவரும் படையிற் சேர்ந்தனர். ஹேர்ட்ஸ் 1915 இற் கடுங்காயமுற்றார். யுத்தம் முடிந்தபின், 1919 இல், நீல்ஸ் போரின் விளக்கமே சரியென அவர்கள் ஏற்றுக்கொண்டனர். 1925 ஆம் ஆண்டுக்குரிய பௌதிக நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. விளக்கம் மாறியபோதும், அவர்கள் அளந்து எழுதிய 4.9 என்ற எண் நிலைத்து நின்றது. குழல்விளக்கினுள்ளே இரச அணுக்கள் இலத்திரன் மோதி வெளிவிடுவது அந்த ஊதாக்கடந்த ஒளியையே. குழலின் உட்பூச்சு அதனை நாம் காணும் ஒளியாக மாற்றுகின்றது.

1933 இல் ஹிட்லர் ஆட்சி யூதரை அரச பதவிகளிலிருந்து நீக்கச் சட்டமியற்றியது. முன்னாட் போர்வீரரென்பதால் பிராங்குக்கு விலக்கிருந்தது. ஆயினும் அவர் கோட்டிங்கன் நகரிலே தாம் வகித்த பேராசிரியர் பதவியைத் தாமே துறந்து நாட்டைவிட்டு நீங்கினார். மற்றொருவர் காட்டிய உண்மைக்குத் தலைவணங்கியவர், அநீதிக்கு வணங்க மறுத்தார். நேர்மையாக அளப்பதும், பிறர் சொல்லினும் உண்மையை ஏற்பதும் விஞ்ஞானத்துக்கு மாத்திரமன்று, வாழ்வுக்கும் வேண்டிய பண்புகள் என நாம் கருதுகின்றோம்.