மஞ்சள் உல்லன் பந்தும் ஜவ்வாது மலைக் காற்றும்

போன ஆடி மாதம் ஜமுனாமரத்தூரில் நண்பர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். பையில் லேப்டாப், ஒரு ராக்கெட், ஒரு டியூப் இறகுப்பந்து. நாற்பத்து நாலு வயசில் டாக்டர் "எதையாவது ஆடுங்க சார்" என்று சொன்னதால் மூணு மாசமாக ஷட்டில் கத்துக்கொண்டிருந்தேன். உள்ளரங்கில், ஏசி ஓடாத கோர்ட்டில், காலை ஆறு மணி பேட்ச். ராக்கெட்டுக்குக் கை கொடுப்பது போல பிடிக்க வேண்டும், அடிக்கும் நொடியில் மட்டும் விரலை இறுக்க வேண்டும், அடித்ததும் நடு இடத்துக்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் ஓரளவு வந்துவிட்டன என்று நினைத்திருந்தேன்.

மலையில் அந்த நினைப்பு பத்து நிமிஷம்கூட தாங்கவில்லை. சாயந்தரம் பள்ளி மைதானத்தில் நண்பரின் மகளுடன் ஆட ஆரம்பித்தேன். நான் உயரமாக அடித்த பந்து வலையைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, பலா மரத்தடியில் போய் விழுந்தது. அடுத்தது திரும்பி என் தலைக்குப் பின்னால் விழுந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஐந்து கிராம் இறகு எம்மாத்திரம்?

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "சார், அத பையில வைங்க. அது ரூம்ல ஆடுறது. இங்க பேட்மிண்டன் ஆடுவோம் வாங்க."

நான் ஆடிக்கொண்டிருந்ததே பேட்மிண்டன்தானே என்று குழம்பினேன். அவர் பையன்களை அனுப்பி எடுத்து வரச் சொன்னது கனமான ராக்கெட்டும், எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் உல்லன் பந்தும். அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வோம். இறகு வைத்தது "ஷட்டில்", உல்லன் பந்து "பேட்மிண்டன்". அரசு விளையாட்டுப் பட்டியல்களில் முதலாவது இறகுப்பந்து, இரண்டாவது பூப்பந்து. உலகம் முழுக்க பேட்மிண்டன் என்றால் இறகுப்பந்துதான். தமிழ்நாட்டு மைதானங்களில் மட்டும் அந்தப் பெயர் ஏன் உல்லன் பந்தோடு ஒட்டிக்கொண்டது? அந்தக் கேள்வியைத் துரத்திப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு, தொழில் பழக்கம். போட்டிக்கான இறகுப்பந்தில் 16 இறகுகள், எடை 4.74 முதல் 5.50 கிராம். உயரத்திலிருந்து விட்டால் காற்றின் தடையால் அதன் வேகம் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டருக்கு மேல் ஏறாது. பூப்பந்தின் விட்டம் 5 சென்டிமீட்டர் சொச்சம், எடை 27 முதல் 30 கிராம். இந்த அளவுகளை வைத்து நான் போட்ட கணக்கில், அது மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டி விழும். அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம். காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு போகும் என்பதால், ஒரே காற்று இறகுப்பந்தைத் தோராயமாக ஒன்பது மடங்கு அதிகமாகத் தள்ளிவிடும். மாஸ்டர் ஒரே வரியில் சொன்னதற்கு எனக்கு அரைப் பக்கம் தேவைப்பட்டது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

பூப்பந்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் "1856-இல் தஞ்சாவூர் அரச குடும்பம் ஆடியது" என்று தொடங்குவார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வந்த வரி அது. நான் அதை ஒரு மரபுச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தஞ்சையின் கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி, ஆண் வாரிசு இல்லாமல் 1855 அக்டோபரில் இறந்தார். வாரிசு இல்லை என்று சொல்லி கிழக்கிந்தியக் கம்பெனி அரசையே முடித்துவைத்தது. அரண்மனைச் சொத்துகளையும் சேர்த்துக் கைப்பற்றியது. மூத்த ராணி காமாட்சி பாய் சென்னையில் வழக்குப் போட்டு ஜெயித்தார். மேல்முறையீட்டில், 1859-இல், இது அரசு தன் அதிகாரத்தில் செய்த செயல், நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் தள்ளிவிட்டது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற வழக்கு அது.

ஆக, 1856 என்ற ஆண்டு சரியென்றால், தஞ்சையில் அப்போது அரசர் இல்லை. அரசு போய், சொத்தும் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம்தான் அரண்மனைக்குள் இருந்தது. "ராஜாக்கள் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம்" என்று நாம் மனசில் வரைகிற படம் அங்கே பொருந்தாது.

அதே காலத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்கள் இறகுப்பந்தையும் கம்பளிப் பந்தையும் மாற்றி மாற்றி ஆடியிருக்கிறார்கள். காற்றும் ஈரமும் இருக்கிற நாளில் கம்பளிப் பந்து, காற்று அடங்கினால் இறகு. இரண்டும் அவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் இரண்டு பந்துகள். புனே ராணுவ முகாமில் இந்த ஆட்டம் அவ்வளவு பிரபலமாகி, "பூனா" என்றே அழைக்கப்பட்டது. முதல் விதிகள் 1873 வாக்கில் அங்கேதான் எழுதப்பட்டன. "பேட்மிண்டன்" என்பது இங்கிலாந்தில் போஃபர்ட் பிரபுவின் மாளிகையின் பெயர்.

இங்கிலாந்து போனதும் வழி பிரிந்தது. அங்கே ஆட்டம் கூரைக்குள் நுழைந்தது. கூரைக்குள் காற்று இல்லை, கம்பளிப் பந்துக்கு வேலை இல்லை. 1893-இல் இங்கிலாந்து பேட்மிண்டன் சங்கம், 1899-இல் ஆல் இங்கிலாந்து போட்டி, 1934-இல் சர்வதேச சம்மேளனம். சங்கம் வைத்தவர்களிடம் பெயர் போய்ச் சேர்ந்தது. நம்மிடம் கூரை இல்லை, மைதானம் இருந்தது. அதனால் பந்து இங்கேயே தங்கியது. இந்தியப் பூப்பந்துக் கூட்டமைப்பு 1954-இல்தான் உருவானது. முதல் தேசியப் போட்டி 1956-இல் ஹைதராபாத்தில் நடந்தது. அந்தச் சம்மேளனத்தைவிட இருபது ஆண்டு தாமதம். 1970-இல் வாரங்கல்லின் ஜே. பிச்சையா பூப்பந்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார். பிரகாஷ் படுகோனே ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றது 1980-இல். பிரகாஷை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். பிச்சையா பெயரை இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போதுதான் கேள்விப்பட்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆக, எங்கள் ஊரிலும் ஜமுனாமரத்தூரிலும் உல்லன் பந்தை "பேட்மிண்டன்" என்று சொல்வது அறியாமை இல்லை. இரண்டு பந்தும் ஒரே பெயரில் இருந்த காலத்தின் மிச்சம் அது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

சரி, மைதானத்துக்குத் திரும்புவோம். மாஸ்டர் என்னைப் பின்வரிசையில் நிறுத்தினார். இது ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுகிற ஆட்டம், ஃபைவ்ஸ் என்பார்கள். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர். இறகுப்பந்தைப் போலவே இதிலும் பந்து தரையைத் தொடக்கூடாது. இதில் சர்வீஸ் இடுப்புக்குக் கீழேயிருந்துதான்.

ஆனால் கை பழகியது எல்லாம் தப்பாகப் போனது. ஷட்டில் ராக்கெட் 80, 90 கிராம்தான். மணிக்கட்டையும் முன்கையையும் திருப்பினாலே போதும். பூப்பந்து ராக்கெட் அதைவிடக் கனம். தோளிலிருந்து வீச வேண்டும். நான் மணிக்கட்டால் வெட்டியதில் முதல் நாளே கை வீங்கியது. அடுத்தது, இறகுப்பந்து கடைசியில் பிரேக் போட்டு நின்று விழும், காத்திருந்து அடிக்கலாம். உல்லன் பந்து நிற்காது, வந்துகொண்டே இருக்கும். மூணாவது, இறகுப்பந்துக்குத் தலை உண்டு, எப்படி அடித்தாலும் கார்க் முன்னால் வரத் திரும்பிக்கொள்ளும். உல்லன் பந்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. சாய்த்து அறுத்தால் சுழன்று வளையும். எதிர்ப்பக்கம் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி அப்படி அறுத்து விட்ட பந்தை மூன்று தடவை தவறவிட்டேன்.

"சார், பந்த பாக்காதீங்க. அந்தப் பொண்ணு ராக்கெட்ட பாருங்க," என்றார் மாஸ்டர். நாலாவது தடவை பார்த்தேன். பந்து ராக்கெட்டில் பட்டது. வலையைத் தாண்டவில்லை, ஆனால் பட்டது. அந்தப் பெண்ணே கைதட்டினாள்.

மூன்று மாசம் கோச்சிங்கில் என் கை எப்படி இருக்க வேண்டும் என்று மட்டுமே கவனித்திருக்கிறேன். எதிராளியின் கையைப் படிக்கக் கற்றது அந்த மைதானத்தில்தான். ஊர் திரும்பியதும் ஷட்டிலில்கூட அது உதவுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலக பேட்மிண்டன் சம்மேளனம் 2019 மே மாதம் சீனாவின் குவாங்சோவில் "ஏர் பேட்மிண்டன்" என்ற ஆட்டத்தை அறிமுகப்படுத்தியது. அரங்கம் இல்லாதவர்களும் திறந்தவெளியில் ஆடுவதற்காக, மணிக்கு 12 கிலோமீட்டர் காற்று வரை தாக்குப்பிடிக்கும் புதுப் பந்து. நல்ல முயற்சிதான். ஆனால் அவர்கள் 2019-இல் எடுத்துக்கொண்ட பிரச்சினைக்கு, தஞ்சை மரபுச் செய்தியை நம்பினால், 160 ஆண்டுக்கு முன்பே இங்கே ஒரு விடை உருட்டப்பட்டிருந்தது. உல்லன் நூலால்.

அந்த மைதானத்தில் பத்துப் பேர் ஆட இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதுமாக இருந்தது. மூங்கிலைத்தான் நட்டிருந்தார்கள். என் நகரத்துக் கோர்ட்டில் இரண்டு மணி நேர வாடகைக்கு அங்கே சில பந்துகள் வாங்கலாம்.

இந்த ஆட்டத்தின் கூட்டமைப்புக்கு முந்தைய நூறு ஆண்டு அச்சில் மிகக் குறைவு. மிச்சம் இருப்பது ஆடியவர்களின் நினைவில். ஐம்பதுகளில் ஆடியவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ சித்தியோ ஃபைவ்ஸ் ஆடியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், பந்து எங்கே வாங்கினார்கள், அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுதி வையுங்கள், எனக்கும் அனுப்புங்கள். என் அப்பாவிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க எனக்கு நேரம் இருந்தது, கேட்கத் தோன்றவில்லை.