தங்கவயலின் தூசியும் டீசலின் கரியும்

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறிச் செல்லும் தமிழரை நம்மில் பலர் அறிவர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், அவ்வூரின் பிழைப்பில் பெரும்பகுதி அந்தத் தண்டவாளத்தை நம்பியே நடைபெறுகின்றது. அவ்வாறு செல்வோருள் கார் ஓட்டுநரும் பழுதுபார்ப்போரும் உண்டு. டீசல் கார்களில் அவர்கள் இன்று காணும் ஒரு சிக்கல், அவர்களுடைய பாட்டன்மார் நிலத்தடியில் பட்ட துன்பத்துக்கு நெருங்கிய உறவுடையது.

1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் அங்குக் கால்கொண்ட பின், வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சாரை சாரையாகச் சென்று குடியேறின. பொன், குவார்ட்ஸ் என்னும் வெண்பாறையில் கலந்து கிடந்தது. அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறி பாறையில் இறங்குந்தோறும் சிலிக்காத் தூசி எழுந்தது. பெருந்துகளை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறாக்கினால் வரும் ஒரு கூறினும் சிறிய துகளே நுரையீரலின் அடிவரை சென்று தங்கித் தழும்பேற்றுவது. இதுவே சிலிகோசிஸ். இருமலும் இளைப்பும் காசநோய்க்கும் உரியவை. ஆதலின் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவது எளிது. 1940-களில் தங்கவயல் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோரைப் பரிசோதித்த போதுதான் நோயின் பரப்புத் தெளிவாகியது. அவர்களுடைய நுரையீரலே சுரங்கத்தின் வடிகட்டியாக இருந்திருக்கிறது. கழற்றி மாற்ற இயலாத வடிகட்டி!

இதற்கு மருந்து மருத்துவமனையில் இல்லை, துளைப்பொறியில்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஜார்ஜ் லெய்னர் என்பவர் உள்ளே துளையுள்ள உளியைச் செய்து, அதன் வழியே காற்றைச் செலுத்திப் பாறைத்தூளை வெளியேற்றினார். தூசி தாங்கவொண்ணாததாயிற்று. பின்னர் அதே துளையில் நீரையும் செலுத்தினார். தூசி பிறந்த இடத்திலேயே சேறாகியது. முகத்தில் துணி கட்டிக்கொள்வதைவிட இது எத்துணை மேலான வழி!

டீசல் புகை பற்றிய அறிவும் சுரங்கத் தொழிலாளர் வழியாகவே பெரிதும் வந்தது. அமெரிக்காவில் எட்டுச் சுரங்க நிலையங்களைச் சேர்ந்த 12,315 பேரின் நலனை ஆராய்ந்த முடிவு 2012-இல் வெளியாயிற்று; அவ்வாண்டே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று அறிவித்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி இடம்பெற்றது.

தேன்கூடு போன்ற பீங்கான் கண்ணறைகளால் ஆனது அவ்வடிகட்டி. சேர்ந்த கரி ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரிந்து போகும். காரைச் சிறு தொலைவுக்கே ஓட்டிவந்தால் அவ்வெப்பம் கூடாது, கரி தேங்கும், எரிக்க முயன்ற டீசல் என்ஜின் எண்ணெயில் இறங்கி, எண்ணெய் மட்டம் குறைவதற்கு மாறாக உயரும். எண்ணெய் கூடிவிட்டதென்று மகிழ்வதற்கில்லை. நீர்த்துப்போன எண்ணெய் டர்போவின் பகை.

டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருவது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் அதன் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. அந்த எண்ணெய் தன் எடையாலேயே கீழிறங்கி என்ஜினுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் குழாய் அடைபட்டாலோ, என்ஜினின் அடியறையில் காற்றழுத்தம் மிகுந்தாலோ, பழுதற்ற டர்போவும் எண்ணெயைக் கக்கும். காற்று வடிகட்டி அடைந்திருந்தால், அப்பக்கத்து வெற்றிடமே எண்ணெயை இழுக்கும். இவற்றைப் பாராமல் டர்போவை மாற்றுவோர், புதியதும் ஒழுகக் கண்டு திகைக்கின்றனர்.

கசிந்த எண்ணெய் எரிந்தால் நீலப்புகை தோன்றலாம். அதிலுள்ள உலோகச் சேர்க்கைகளோ சாம்பலாகிக் கரித்துகள் வடிகட்டியில் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆகவே அடிக்கடி அடைபடும் வடிகட்டியைக் கண்டால், அதன் முன்னும் பின்னுமுள்ள அழுத்த வேறுபாட்டை அளப்பதோடு நில்லாமல், எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று மேல்நோக்கித் தேடுதல் வேண்டும்.

செலவுக்கு அஞ்சிச் சிலர் வடிகட்டியின் உள்ளீட்டையே குடைந்தெறிந்து விடுகின்றனர். கார் அன்று நன்றாக ஓடும். கரியோ தெருவுக்கு வரும். அங்குள்ளோரின் நுரையீரல் அதை வடிகட்டும். வறண்ட துளைப்பொறியின் முன் நின்றவர்களின் பேரர்களே அப்பணியைச் செய்ய நேர்வது நமக்கு உவப்பாக இல்லை.