பட்டுக் கயிற்றில் சிக்கிய மீன்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஆரணிப் பட்டைப் பத்தி ஏதாவது எழுதுப்பா, நீதான் இஞ்சினியர் ஆச்சே" என்றார். தறியைப் பற்றி எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது மீனைப் பற்றி. சிரிக்காதீர்கள். இந்த மீனை ஒரு காலத்தில் பட்டு இல்லாமல் பிடிக்கவே முடியாது. அதனால் நான் ஒன்றும் தலைப்பை விட்டு ஓடிவிடவில்லை.

டிரவுட் என்பது குளிர்ந்த ஓடை மீன். நம் கமண்டல நாகநதியில் விட்டால் ஒரு நாள் தாங்காது. பிரிட்டனில் இது இலையுதிர் காலத்தில் முட்டையிடுகிறது. ஆகவே செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ அங்கே டிரவுட் பிடிக்கும் பருவத்தை மூடிவிடுவார்கள். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்துகிறோமே, அதே கணக்குதான்.

பருவம் முடிந்ததும் தூண்டில்காரருக்கு ஒரு வேலை காத்திருக்கும். நைலான் வருவதற்கு முன் தூண்டில் கயிறு என்பது பின்னிய பட்டு. ஆளி விதை எண்ணெய் ஊறவைத்து, நீரில் மிதக்க மேலே கொழுப்புத் தடவியிருப்பார்கள். ஒவ்வொரு மாலையும் அதை உலர்த்தியாக வேண்டும். பருவம் முடிந்தால் கொழுப்பைத் துடைத்து, தளர்வாகச் சுற்றி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். மறந்தால் அடுத்த ஆண்டு கயிறு பிசுபிசுத்து, இழுத்தால் அறுந்து போகும். ஈரமும் பட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறி, தெருவில் பாவு நீட்ட முடியாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள்தானே நம்மில் பாதிப் பேர்!

கயிற்றின் முனையில், மீன் கண்ணுக்குத் தெரியாதபடி கட்டும் மெல்லிய இழை இன்னும் விசேஷம். கூடு கட்டத் தயாராக இருக்கும் பட்டுப்புழுவை வினிகரில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை எடுத்து ஒரே இழுப்பாக நீட்டிக் காய வைப்பார்கள். ஸ்பெயினில் மூர்சியா என்ற ஊர் இதற்குப் பேர் போனது. இழை ஒன்று ஒரு முழம்கூட வராது. அப்படிப் பலவற்றை முடிச்சுப் போட்டு நீளமாக்கினார்கள். நாம் ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் நூல் எடுக்கிறோம். அவர்கள் ஒரு புழுவுக்கு இரண்டே இழை எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் வந்து இந்தத் தொழிலை முடித்து வைத்தது.

இந்த மீன் நம் மாநிலத்துக்கு வந்த கதையைப் பார்ப்போம். மதராஸ் ராணுவ மருத்துவராக இருந்து பின்னால் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1863ல் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்றார். வெற்றி கிடைக்கவில்லை. நீராவிக் கப்பலில் முட்டையைக் குளிராக வைத்திருப்பது லேசான காரியமா? 1877ல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது. 1879ல் 'நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம்' வந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களுக்கும் தடைக்காலம் விதிக்க அதில் இடம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது ஓடையில் டிரவுட் குடியேறவே இல்லை. சட்டம் முதலில் வந்துவிட்டது, மீன் பின்னால் வந்தது!

1907ல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். இலங்கை, நியூசிலாந்து முதலிய இடங்களிலிருந்து வந்த வானவில் டிரவுட்தான் கடைசியில் வேரூன்றியது. தாய்நாட்டில் வசந்தத்தில் முட்டையிடும் இந்த மீன், நீலகிரியில் நம் மழை முடிந்து குளிர் இறங்கும் மாதங்களில் முட்டையிட ஆரம்பித்தது. காஷ்மீரில் பழுப்பு டிரவுட் 1900ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அதை முதலில் வளர்த்தவர்களில் ஒருவர் ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய மிட்செல். அங்கேயும் நெசவுக்காரர் கைதான்! அங்கே பருவம் ஏப்ரலில் திறந்து செப்டம்பரோடு மூடுகிறது.

பிறகு நம் ஆட்கள், அதாவது இஞ்சினியர்கள், வந்தார்கள். கனடா உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி அணைகள் ஓடைகளைத் தேக்கின. மின்சாரம் வேண்டும்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டிரவுட் முட்டையிடக் கூழாங்கல் மேல் ஓடுகிற ஆழமில்லாத நீர் வேண்டும். அணை கட்டும் நாம் ஓடையை வெறும் கன அடிக் கணக்காகப் பார்த்தே பழகிவிட்டோம்.

வரையாடுகளைக் காக்க 1982ல் சரணாலயமான முக்கூர்த்தி, 1990 அக்டோபர் 15 அன்று தேசியப் பூங்கா ஆனது. புரட்டாசி முடிகிற நேரம், சீமையில் தூண்டிலை மடித்து வைக்கிற அதே வாரங்கள். தேசியப் பூங்கா என்றால் தூண்டிலுக்கு இடமில்லை. அந்த ஓடைகளில் மூடிய பருவம் பிறகு திறக்கவில்லை. சங்கமும் பெயரை மாற்றிக்கொண்டு இன்று வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக இருக்கிறது. ஒரு காலத்தில் சட்டம் போட்டுக் காத்த மீனை இப்போது 'அந்நிய இனம்' என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான் என்பது என் கட்சி. ஆனாலும் முக்கூர்த்தி ஓடையில் டிரவுட் இன்னும் நீந்துகிறது, அதன் மேல் இப்போது பட்டும் விழுவதில்லை, நைலானும் விழுவதில்லை.