ஆலைகள் கேட்காத ஆறு

மதுரை ரயில் நிலையத்துக்கு மேற்கே 1892-இல் மதுரை மில் எழுந்தது. ஊரார் நாவில் அது ஹார்வி மில். அதைக் கட்டிய ஹார்வி சகோதரர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பு பாபநாசத்தில் ஆலை கட்டியபோது, இடத்தைத் தீர்மானித்தது தாமிரபரணி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் விசையில்தான் அங்கே எந்திரங்கள் ஓடின. மதுரையில் அந்தத் தேவையே எழவில்லை. 1875-இல் வந்துவிட்ட ரயில் பஞ்சையும் நிலக்கரியையும் சுமந்து வந்தது. தெற்கே ஓடிய கிருதுமால் நதியை ஆலை கேட்கவே இல்லை.

கேட்டிருந்தாலும் கொடுக்க அதனிடம் அதிகமில்லை. நாகமலையின் புல்லூத்து, நாகதீர்த்தச் சுனைகள், துவரிமான் பக்கத்துக் கண்மாய்களின் மறுகால் தண்ணீர்: இவையே அதன் முதல். விராட்டிபத்து, பொன்மேனி, எல்லீஸ் நகர், சுப்பிரமணியபுரம், கீரைத்துறை, சிந்தாமணி என்று நகரின் தென்புறத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் வயலுக்குப் பாய்ந்து குண்டாற்றில் சேர்கிறது. மழையை நம்பிய ஆறுதான். ஆனாலும் பாகவதத்தின் மச்சாவதாரக் கதையில் சத்தியவிரத மன்னன் கையில் மீன் வந்து விழுவது, கிருதமாலை என்று அது சொல்லும் இந்த ஆற்றில்தான். கூடலழகர் கோயிலின் தலவரலாறும் இந்தக் கதையை விடுவதில்லை.

மதுரையில் ஆற்றுத் தண்ணீரை நம்பிய தொழில் சாயம். சௌராஷ்டிரக் குடும்பங்கள் சுங்குடிக்குச் சாயவேரில் சிவப்பேற்றி, வைகைத் தண்ணீரில் அலசின. ஐரோப்பாவில் 1869-இல் செயற்கை அலிசரின் தயாரிப்புக்கு வழி பிறந்த பிறகு சாயவேருக்கு மதிப்புப் போயிற்று. பிறகு மீனாட்சி மில் முதலிய ஆலைகள் திருப்பரங்குன்றம் சாலைப் பக்கம் வந்தன. வேலை தேடி வந்த சனமும் தெற்கிலும் மேற்கிலும் குடியேறியது.

ஆலைக் கழிவுதான் கிருதுமாலைக் கெடுத்தது என்று சொல்லிவிடுவது சுலபம். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆலைகள் ஊரைப் பெருக்கின. பெருத்த ஊருக்குச் சாக்கடை போடாமல் விட்டது நிர்வாகம். கண்மாய்கள் வீட்டுமனைகளாக, நல்ல தண்ணீர் வரும் வழி அடைபட்டது. வீட்டுக் கழிவு மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. இந்த நூற்றாண்டில் நகருக்குள் கரைக்குக் கான்கிரீட் கட்டினார்கள். உள்ளே ஓடும் தண்ணீர் மாறவில்லை.

இன்று கிருதுமால் இரண்டாக இருக்கிறது. நகருக்குள் சாக்கடை. நகரைத் தாண்டினால், வைகை அணையில் திறந்து விரகனூர் மதகணை வழியே திருப்பிவிடும் தண்ணீரில் ஓடும் பாசனக் கால்வாய். அந்தத் தண்ணீருக்காக நரிக்குடிப் பக்கத்து விவசாயிகள் அரசிடம் மனுக் கொடுக்கிறார்கள். மனுவில் அவர்கள் அதைக் கால்வாய் என்று எழுதுவதில்லை. ஆறு என்றுதான் எழுதுகிறார்கள்.