முறிந்த போல்ட்டு சொல்லும் வரலாறு

மோட்டார் எஞ்சினைப் பிரிக்கும் பட்டறைகளில் அடிக்கடி எழும் முறையீடுகள் இரண்டு. ஒன்று, போல்ட்டு முறிந்துவிட்டது என்பது. மற்றொன்று, மரை போய்விட்டது என்பது. நாம் மரை என்பதைத் தில்லிப் பட்டறைகளில் 'சூடி' என்பர். வளையல் என்பது அச்சொல்லின் பொருள். பெயர் எதுவாயினும், அது கெட்டால் விளையும் தொல்லை எங்கும் ஒன்றே. அத்தொல்லைக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவிலேயே மரை வெட்டியது. ஓரிடத்து நட்டு வேறோரிடத்துப் போல்ட்டில் ஏறாது. 1800-ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே, ஒரே சீராக மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் போல்ட்டுகளை ஒப்பிட்டு, 1841-இல் பொது அளவொன்றை முன்மொழிந்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. 1864-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை வகுத்தார்.

இவ்வேற்றுமை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அரை அங்குலப் போல்ட்டில் விட்வொர்த் முறைப்படி அங்குலத்திற்கு 12 மரைகள். அமெரிக்க முறைப்படி 13. ஒன்றை மற்றொன்றில் திருகினால் ஓரிரு சுற்று ஏறும், பின்னர் இறுகும். இறுக்கத்தை இயல்பென்று கருதி ஸ்பானரை வலிந்து திருப்பினால் மரை அழியும். அல்லது போல்ட்டு முறியும். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் இதனால் பெரிதும் இடர்ப்பட்டன. அதன் பயனாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் 1948 நவம்பரில் பொதுவான அங்குல மரைக்கு உடன்பட்டன.

நம் நாட்டிலோ எல்லா முறைகளும் வந்து கலந்தன. ஆங்கிலேயர் இயந்திரங்களோடு விட்வொர்த் மரை வந்தது. போர்க்காலத்தில் அசாமுக்கும் வங்கத்துக்கும் வந்த ஜீப்புகளோடு அமெரிக்க மரை வந்தது. 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழி திறந்தது. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசடர் காரே இதற்குச் சான்று. அதன் பழைய பிரிட்டிஷ் எஞ்சினில் அங்குல மரை. 1990-களில் சேர்ந்த ஜப்பானிய இசுசு எஞ்சினில் மெட்ரிக் மரை. ஆகவே தலையின் பருமனை மட்டும் கண்டு போல்ட்டைத் தேர்தல் ஆகாது.

முறிந்ததை எடுக்கவும் முறை உண்டு. முதலில் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிடல் வேண்டும். அலுமினியம் வெப்பத்தில் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆதலின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அளவாகச் சூடேற்றினால் உள்ளிருக்கும் எஃகுப் போல்ட்டின் பிடி தளரும். எச்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருப்பலாம். உள்ளே அமிழ்ந்திருந்தால், சரியாக நடுவில் துளையிட்டு, இடம்புரியாக வெட்டப்பட்ட கூம்புக் கருவியைச் செலுத்த வேண்டும். வலம்புரிப் போல்ட்டைக் கழற்றும் திசையிலேயே அக்கருவி மேலும் மேலும் இறுகுவதால், எச்சம் உடன்சுழன்று வெளிவரும். ஆனால் அக்கருவி மிகக் கடினமானது, எளிதில் ஒடிவது. உள்ளே ஒடிந்தால் சாதாரணத் துரப்பணம் அதில் பாயாது. அவசரம் சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும் இடம் இதுவே.

மரையே அழிந்திருந்தால் துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளொன்றை அதில் பொருத்துவர். போர்க்கால விமான எஞ்சின்களில் பரவிய இம்முறையால், எறிய வேண்டியதென்று கருதிய சிலிண்டர் ஹெட் மீண்டும் பயன்படும்.

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் விதி எளியது. எந்தப் போல்ட்டையும் முதலில் விரல்களால் சில சுற்றுத் திருகிப் பார்த்தல் வேண்டும். விரலுக்கு இணங்காத மரையிடம் ஸ்பானரைக் கொண்டு வாதாடுதல் கூடாது.