மாதரி நிறுத்திய வட்டம்

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையை நடத்தும் நாளில், வகுப்பில் ஏழு மாணவியரை எழுப்பி வட்டமாக நிற்கச் செய்வது என் வழக்கம். மாதரி தன் ஆயர்மகளிருக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளின் பெயரை இட்டு நிறுத்தினாள் என்று காட்டிவிட்டு, 'இது இசைக்காரர் பகுதி, தேர்வுக்கு வாராது' என்று கடந்துவிடுவேன். என் ஆசிரியரும் அவ்வாறே கடந்தார்.

சென்ற ஆண்டு அவ்வட்டத்தில் துத்தமாக நின்றவள், ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் பேருந்தில் இறங்கிச் சேலத்துக்கு வந்து படித்தவள். "என்னிடமிருந்து எண்ணத் தொடங்கினால் வேறு இசை வருமா, ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடியார்க்குநல்லார் உரையெழுதப் புகுந்த இடம் அதுவே. மறுவாரம் அவள் கேட்டது இன்னும் கடினமான கேள்வி: "எனக்குப் பாட வராது. நான் இசையியலில் மேற்படிப்புப் படிக்க முடியுமா?"

இக்கேள்விக்கு விடைதேடியபோது ஒன்று புலப்பட்டது. தமிழிசை இலக்கணத்தை மீட்டவர்களுட் பலர், மேடையையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் சித்த மருத்துவர். ஒரு தானத்தில் சுருதிகள் இருபத்திரண்டு அல்ல, இருபத்துநான்கு என்று நிறுவ முற்பட்டு, 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் பெண்மக்களையும் அழைத்துச் சென்றார். அவர்கள் பாடியும் வீணை வாசித்தும் காட்டத் தந்தையார் விளக்கினார். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. விபுலாநந்த அடிகளோ அறிவியற் பட்டதாரி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானவர். அரங்கேற்று காதையின் யாழாசிரியன் அமைதியைக் கணக்காகக் கண்டு 'யாழ் நூல்' எழுதினார். 1947 சூனில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

பல்கலைக்கழக வழி வேறு. 1931இல் மியூனிக் சென்று மேலை இசையியலைக் கற்றுத் திரும்பிய பி. சாம்பமூர்த்தி, சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையை நெடுங்காலம் நடத்திப் பாடநூல்களும் எழுதினார். அந்நூல்களால் இசையியல் ஒரு பாடமாயிற்று. ஆயினும் இசைத்துறையார் சிலம்பின் உரைக்குள் நுழையத் தயங்கினர். நாங்கள் நரம்புக்குள் நுழையத் தயங்கினோம். குற்றத்தில் எங்கள் பங்கு பெரிது என்பேன்.

இரண்டு கரையையும் தொட்டவராக எஸ். இராமநாதனைச் சொல்லலாம். அண்ணாமலையில் டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை போன்றோரிடம் பயின்றவர், நல்ல பாடகர். 1956இல் 'சிலப்பதிகாரத்து இசைத்தமிழ்' எழுதினார். பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், 1974இல், அதே சிலப்பதிகார இசையை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை ஐம்பதைத் தாண்டியிருந்தது. இளங்கோவடிகளின் இசையை ஆராய்ந்து பட்டம் பெறக் கனெக்டிகட்டுக்குப் போகவேண்டியிருந்தது என்பதை எண்ணிச் சற்றே நாணலாம்.

மாணவியின் முதற் கேள்விக்கு விடை இவர்களுடைய நூல்களில் உள்ளது. பண்டிதர் செம்பாலையைச் சங்கராபரணம் என்றார். அடிகளும் இராமநாதனும் அரிகாம்போதி என்றனர். பின்னதைக் கொண்டு வட்டத்தைச் சுழற்றிப் பார்க்கலாம். துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை. அது இன்றைய நடபைரவி. உழை குரலாயின் அரும்பாலை, அதாவது சங்கராபரணம். இளியில் கோடிப்பாலையாகிய கரகரப்பிரியா, விளரியில் தோடி, தாரத்தில் கல்யாணி. நரம்பு ஒன்றும் மாறுவதில்லை. எண்ணத் தொடங்கும் இடம் மட்டுமே மாறுகிறது. பெண்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

இரண்டாம் கேள்விக்கு என்னால் இயன்ற விடையை நேராகவே சொன்னேன். பாடகியாக வேண்டியதில்லை, ஆனால் செவி வேண்டும். ஒரு சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஏழு சுரங்களையும் பிழையின்றிப் பாடும் அளவுக்கேனும் ஓர் ஆசிரியரிடம் இரண்டாண்டு பயிலாமல் இசைத்துறையின் வாயிலுக்குப் போகாதே என்றேன். தமிழ் முதுகலை வழியாகவே இசைத்தமிழ் ஆய்வுக்கு வரலாம் என்பதையும் சொன்னேன். தமிழாசிரியராக வாழ்ந்த வீ.ப.கா. சுந்தரம், பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'தமிழிசைக் கலைக்களஞ்சிய'த்தைத் தொகுத்தவர் என்றபோது அவள் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

இராமநாதன் நூலை வாங்கிச் சென்றவள், மூன்று வாரம் கழித்து ஒரு தாளோடு வந்தாள். ஏழு வட்டங்கள் வரைந்து ஆறில் இராகப் பெயர் எழுதியிருந்தாள். கைக்கிளை குரலாகும் செவ்வழிப்பாலை மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே பஞ்சமம் கிடைப்பதில்லை. மேளகர்த்தா எழுபத்திரண்டினுள்ளும் அதற்கு இடமில்லை. "இதை அவர்கள் எப்படிப் பாடியிருப்பார்கள், ஐயா?" என்றாள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன்; பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.