கடைசி வட்டம்: 'சார்ஜண்ட் பெப்பர்' அமெரிக்கப் பதிப்பில் ஒரு விடுபாடு

1967இல் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்', பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரே வடிவில் வந்த முதல் பீட்டில்ஸ் ஆல்பம் என்று இசைத்தட்டு விவரப் பட்டியல்களில் வழிவழியாக எழுதப்பட்டு வருகிறது. ஆல்பம் என்றால் உறையில் அச்சான பாடல் வரிசை. வரிசை ஒன்றானால் ஆல்பமும் ஒன்று. இந்த வாசிப்பைப் பட்டியல்வாதம் என்பேன். இதை நான் ஏற்கவில்லை. ஆனால் இது எளிதில் தள்ளிவிடக்கூடியதும் அல்ல.

இதன் பலம் முந்தைய வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்காவின் கேபிட்டல் நிறுவனம் லண்டனிலிருந்து வந்த ஆல்பங்களைப் பிரித்து, குறைத்து, மாற்றிக் கோத்து விற்றது. 1966இன் 'ரிவால்வர்' பிரிட்டனில் 14 பாடல், அமெரிக்காவில் 11. விடுபட்ட மூன்றும் ('ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்', 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்', 'டாக்டர் ராபர்ட்') அதற்குமுன் ஜூன் மாதமே 'யெஸ்டர்டே அண்ட் டுடே' என்ற அமெரிக்கத் தொகுப்பில் இடம்பெற்றுவிட்டவை. 1967 ஜனவரியில் குழுவின் பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனமான ஈஎம்ஐயுடன் ஏற்பட்ட புதிய ஒப்பந்தம் குழுவினரின் கையை ஓங்கச் செய்தது. அதன்பின் வந்த 'பெப்பர்' இரு நாட்டிலும் 13 பாடல்கள், அதே வரிசை. உறையை மட்டும் பார்த்தால் பட்டியல்வாதிகள் சொல்வது சரி. அவர்களின் ஒப்பீடு உறையோடு நின்றுவிடுகிறது என்பதே என் வழக்கு.

தட்டையே பார்ப்போம். ஈஎம்ஐயின் பார்லஃபோன் முத்திரை பிரிட்டனில் வெளியிட்ட பிஎம்சி 7027 மோனோ தட்டின் இரண்டாம் பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், 'எ டே இன் த லைஃப்' முடிந்தபின் லேபிளை நோக்கிச் செல்லும் வழவழப்பான பட்டை தெரியும். அதன் உள்விளிம்பில், லேபிளை ஒட்டினாற்போல், முடிவட்டம். சாதாரணத் தட்டில் இந்த வட்டம் ஊமை. முள் வந்து நிற்பதற்கான இடம், அவ்வளவே. இதில் அப்படியில்லை. பியானோ நாதம் நெடுநேரம் இழைந்து அடங்கியபின், வயதானவர் காதுக்கு அரிதாகவே எட்டும் 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி. அடுத்து, வெட்டி ஒட்டிய பேச்சும் சிரிப்பும் கலந்த குழறல். அந்தக் குழறல் முடிவட்டத்துக்குள்ளேயே செதுக்கப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. தானியங்கிப் பிளேயரில் கை எழும்பிவிடும். கையால் இயக்கும் பிளேயரில் யாராவது எழுந்து முள்ளைத் தூக்கும்வரை அந்த 1.8 நொடி திரும்பத் திரும்ப ஓடும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் சொல்வதை இவர்கள் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

கேபிட்டலின் எம்ஏஎஸ் 2653 தட்டிலும் அதே இடத்தில் வட்டம் உண்டு, ஒலி இல்லை. 15 கிலோஹெர்ட்ஸும் இல்லை. பியானோ அடங்குகிறது, தட்டு முடிகிறது.

ஏன்? பழைய வழக்கப்படி கேபிட்டல் கத்தரித்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. பாடல்களைக் குறைத்ததில் வணிக லாபம் இருந்தது: மிச்சம் பிடித்ததை வைத்து இன்னொரு ஆல்பம் போடலாம். 1.8 நொடியை மிச்சம் பிடித்து என்ன செய்வது? காரணத்தை வெட்டு மேசையில்தான் தேட வேண்டும். முடிவில்லாத சுற்று என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் மூல நாடாவில் இருக்க முடியாது; லாக்கரில், அதாவது தட்டு அச்சிடுவதற்காக முதலில் தடம் வெட்டப்படும் மூலத் தட்டில், தடம் வெட்டுபவர் அந்தக் குழறலைச் சரியாக ஒரு வட்டத்துக்குள் அடைக்கும்போதுதான் அது பிறக்கிறது. லண்டனில் அதைச் செய்தவர் ஹாரி மாஸ். கேபிட்டலோ தன் தட்டுகளுக்கான லாக்கரைத் தானே வெட்டியது. நாடா கடல் கடந்தது, மாஸின் கைவேலை கடக்கவில்லை என்பது என் ஊகம். ஊகம்தான், கேபிட்டல் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கவும் கூடும். ஆனால் ஏடு பெயர்த்தெழுதுபவர் ஓரத்துக் குறியைப் பாடத்தின் பகுதியென்று அறியாமல் விடுவதை அறிந்தவர்களுக்கு இவ்வகை விடுபாடு புதிதல்ல. அந்த ஒலிக்குத் தலைப்பு இல்லை, உறையில் இடமில்லை. பெயரில்லாததைப் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பவர் தவறவிடுவார். பட்டியல்வாதத்தின் குறையும் இதேதான்.

அந்த ஒலி ஆல்பத்தின் உறுப்பல்ல, வெறும் வேடிக்கை என்பார்கள். பிற்காலச் சான்று அதற்கு எதிராக நிற்கிறது. 1980 மார்ச்சில் கேபிட்டல் 'ரேரிட்டீஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதன் இரண்டாம் பக்கத்தில் கடைசியாக, 'சார்ஜண்ட் பெப்பர் இன்னர் குரூவ்' என்று தலைப்பிட்டு, அந்தக் குழறல் தனித் தடமாக இடம்பெற்றது. ஒரே வடிவில் வந்துவிட்டதாகச் சொல்லப்படும் ஆல்பத்திலிருந்து 13 ஆண்டு கழித்து ஓர் அரிய பொருளை எடுத்துத் தர முடிந்தது எப்படி? விடுபாடு இருந்ததற்கு வெளியீட்டாளரே தந்த வாக்குமூலம் இது.

1987 ஜூன் 1 அன்று வந்த குறுந்தகட்டில் இரண்டு ஒலிகளும் உலகம் முழுமைக்கும் சேர்ந்தன. ஆனால் குறுந்தகட்டில் முடிவட்டம் கிடையாது. குழறல் சில முறை திரும்ப ஒலித்து மங்கி மறைகிறது. மீட்ட பாடமும் மூலப்பாடம் ஆகவில்லை.

எனவே 'ஒரே வடிவில் வந்த முதல் ஆல்பம்' என்ற வரியை 'ஒரே பாடல் வரிசையில் வந்த முதல் ஆல்பம்' என்று திருத்த வேண்டும். எம்ஏஎஸ் 2653 என்ற எண்ணுக்கு எதிரே, இனிப் பட்டியல் செய்பவர்கள் இரண்டு சொல் சேர்க்கட்டும்: முடிவட்டம் ஊமை.